அரை மணி நேரம்

பாயான் லெப்பாஸில் நான் வேலை செய்யும் அறைக்குள்
தூசுக்கு அனுமதி இல்லை.
தலைமுடி, தாடி எல்லாவற்றையும்
வெள்ளை அங்கிக்குள் திணித்துக்கொண்டுதான் நுழைய வேண்டும்.
புகைத்துவிட்டு வந்தவனுக்குத் தனி விதி:
ஒரு குவளைத் தண்ணீர்,
வெளியே ஒரு நாற்காலி,
அரை மணி நேரம்.
சிகரெட்டை அணைத்த பிறகும்
மூச்சோடு பொடி பொடியாய் வந்துகொண்டே இருக்குமாம்.
சிலிக்கான் தகட்டுக்கு அது ஆகாதாம்.

பதினெட்டு வருடம் உட்கார்ந்திருக்கிறேன் அந்த நாற்காலியில்.
மொத்தம் எத்தனை நாளென்று
கணக்குப் போட்டதில்லை.

போன வருடம் மிஸ்டர் கூ கடையில்
வட்ட டப்பா ஒன்று வந்திறங்கியது.
உள்ளே இருபது வெள்ளைப் பொட்டலம்,
பொம்மைக்குத் தைத்த தலையணை போல.
மேலுதட்டுக்கு அடியில் ஒன்றைச் செருகினால்
ஈறு எரியும்,
விக்கல் வரும்,
பிறகு தலைக்குள் யாரோ விளக்கைப் போடுவார்கள்.
புகை கிடையாது.
மருந்து என்று யாரும் சொல்லவில்லை,
நானும் நினைக்கவில்லை.
ஆனால் ஏழு மாதம்
நாற்காலி காலியாகக் கிடந்தது.
'செத்துப் போய்விட்டாயோ என்று பார்த்தேன்'
என்றாள் காக் ரொஹானி.
ஃபிளாட்டில் லிஃப்ட் பழுதான அன்று
வழக்கமாக நிற்கும் நான்காவது மாடியில் நிற்காமல்
ஆறாவது வரை போனேன்.
அதை யாரிடமும் சொல்லவில்லை.

தைப்பூசம் கழிந்த வாரம்
மிஸ்டர் கூ கையை விரித்தார்.
'இனிமேல் இல்லை, லிங்கம். விற்றால் அபராதம்.'
அவர் முதுகுக்குப் பின்னால் சிகரெட் அலமாரி.
கண்ணில் படக்கூடாதென்று கதவு போட்டிருக்கிறார்கள்.
கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்வேன்
எந்தத் தட்டில் எது என்று.

ஜெலுத்தோங், புலாவ் தீக்குஸ், ஆயர் ஈத்தாம்,
மோட்டாரில் ஒரு ஞாயிறு முழுக்க.
சந்தைக்குப் பின்னால் ஒரு பையன்
இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு மூன்று மடங்கு விலை சொன்னான்.
டப்பாவில் தேதியைச் சுரண்டியிருந்தது.
வாங்கவில்லை.
யோக்கியன் என்பதால் அல்ல,
சம்பளத்துக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது.

மருந்துக்கடையில் சூயிங்கம் உண்டு.
எடுத்துக் கொடுக்க மருந்தாளர் வர வேண்டும்.
அவர் வருவது பத்து மணிக்கு.
இரவு வேலை முடிந்து ஏழு மணிக்கே
மூடிய கதவுக்கு முன்னால்
என் கை சட்டைப்பையைத் தடவிக்கொண்டிருந்தது.

சட்டம் போட்டவனைத் திட்ட வாய் எடுத்தேன்.
அக்காள் முகம் குறுக்கே வந்தது.
அவள் மகன் கவிநேஷ், படிவம் இரண்டு,
பென்சில் பெட்டிக்குள்
இதே வட்ட டப்பா, மாம்பழ வாசனை.
அன்றைக்கு அவனை அறைந்தவன் நான்.
அப்போது என் உதட்டுக்கு அடியிலும் ஒன்று இருந்தது.
ஏசுவதற்கு வாயைத் திறக்க முடியாமல்தான்
கையை ஓங்கினேன்.

அந்தக் கதவைப் பூட்டியதில் எனக்கு வழக்கில்லை.
அவன் கைக்கு எட்டாமல் எங்கேயாவது வையுங்கள்.
பக்கத்துக் கதவை மட்டும்
பூட்டாமல் சும்மா சாத்தி வைத்திருக்கிறீர்களே,
அதுதான் விளங்கவில்லை.

நான்கு இரவு தாக்குப்பிடித்தேன்.
ஐந்தாம் நாள் மிஸ்டர் கூ ஒன்றும் கேட்கவில்லை,
நானும் ஒன்றும் சொல்லவில்லை.
அலமாரிக் கதவு கிரீச்சென்றது.
புண் பிடித்த வாயின் படத்தைக்
கீழ்ப்பக்கமாகத் திருப்பி வைத்து
மீதி மூன்று வெள்ளியை அதன்மேல் வைத்தார்.

இப்போது இரவு ஒன்பதே கால்.
காகிதக் குவளை விரலில் நசுங்குகிறது.
கண்ணாடிக்கு அந்தப்புறம் காக் ரொஹானி,
முகமூடிக்கு மேலே கண் மட்டும்.
ஐந்து விரலை இரண்டு தடவை காட்டுகிறாள்.
இன்னும் பத்து நிமிடம்.

தலையாட்டுகிறேன்.
தகடுகள் பத்திரமாக இருக்கின்றன.